டெக்வென் பேசிய ஆங்கிலம்

லான்வெட்வன் ஊரில் மாவட்டக் கவுன்சில் எதையாவது மூட நினைத்தால் முதலில் பிஸ்கட் வரும். நூலகத்தை மூடியபோது சாதா பிஸ்கட் வந்தது. பஸ்ஸை நிறுத்தியபோது நடுவில் கிரீம் வைத்தது வந்தது. இன்று சேப்பல் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் சாக்லேட் பூசியதை இரண்டு தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார்கள். டெக்வென்னுக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. மேட்டு வீட்டை மூட முடிவெடுத்தாயிற்று, இனி நம்மிடம் கருத்துக் கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

மேட்டு வீடு என்பது ஊருக்கு மேலே, பழைய சிலேட்டுக்கல் குவாரிக்குப் போகும் பாதையில் இருக்கும் முதியோர் இல்லம். டெக்வென்னின் கணவன் இட்வால் அங்கேதான் இருக்கிறான். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன். மறதி நோய் வந்து ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டு போனதில், பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் முதலில் போய்விட்டது. வீட்டில் பேசிய தாய்மொழி வெல்ஷ் மட்டும் மிச்சம். கண்ணும் மங்கிவிட்டது. ஆள் யார் என்பதைப் பேச்சை வைத்துத்தான் அறிவான். மேட்டு வீட்டில் சமையல்காரியிலிருந்து துணி துவைப்பவள் வரை எல்லாரும் வெல்ஷ் பேசுகிறவர்கள் என்பதால் அவன் பாடு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வீட்டை மூடிவிட்டு எல்லாரையும் கடற்கரைப் பட்டணத்தில் கட்டியிருக்கும் பெரிய இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். அங்கே கண்ணாடிச் சுவர், மீன் தொட்டி, நடக்கப் பழகும் கூடம் எல்லாம் உண்டு. இட்வால் பேசினால் பதில் சொல்லத்தான் ஒருவரும் கிடையாது.

கவுன்சில் சார்பில் வந்திருந்தவர் விட்கோம் என்ற அதிகாரி. பளபளப்பான சப்பாத்து, கையில் ஒரு டேப்லெட், முகத்தில் எப்போதும் அழியாத ஒரு கனிவு. அந்தக் கனிவைப் பார்க்கப் பார்க்க டெக்வென்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸை நிறுத்த வந்தவனும் இதே முகத்தைத்தான் மாட்டிக்கொண்டு வந்தான்.

அவருக்குப் பக்கத்தில் மாப்லி உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர். கூட்டம் என்றால் மொழிபெயர்ப்பாளர் இருந்தாக வேண்டும், அது சட்டம். யாராவது வெல்ஷில் பேசினால் மாப்லி தன் சின்ன மைக்கில் ஆங்கிலத்தில் சொல்லுவாள், வெல்ஷ் தெரியாதவர்கள் காதுக்கருவி வழியாகக் கேட்டுக்கொள்ளலாம். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை ஊர்க்காரர்களிடம்தான். வெல்ஷ் தெரியாத ஒரே ஒரு ஆள் அறைக்குள் இருந்துவிட்டால் போதும், நாற்பது பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். வந்தவர் காதில் கருவியை மாட்டச் சொல்வது அவரை ஒதுக்கி வைப்பது மாதிரி இருக்குமாம், மரியாதைக் குறைவாம். அதனால் கருவிகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும், மாப்லி வந்த சம்பளத்துக்கு ஸ்வெட்டர் பின்னுவாள். கூட்டம் முடிந்ததும், வெல்ஷ் பேச இங்கே யாருக்கும் தேவை இருப்பதாகத் தெரியவில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போவார்.

இன்று காதுக்கருவி மாட்டியிருந்தது டெரிக் ஒருவர்தான். பர்மிங்ஹாமிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். நல்ல மனிதர். "நான் கேட்டுக்கிறேன், நீங்க உங்க பாஷையிலயே பேசுங்க"ன்னு எத்தனையோ கூட்டங்களில் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "அட, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்"னு சொல்லிச் சொல்லியே அவர் வாயை அடைத்துவிட்டார்கள். பாவம், ஒன்றும் கேட்காத கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சாமி படத்தைப் பார்ப்பவர் போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்சிலர் டில்வின் எழுந்தார். நேற்று கசாப்புக் கடையில் நின்றுகொண்டு, "மேட்டு வீட்டுல கை வச்சான்னா அவன் குடலை உருவிருவேன்"னு வெல்ஷில் முழங்கியவர். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில், "இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்ததற்கு ரொம்ப நன்றி, ஐயா. எங்களுக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது, கொஞ்சம்தான்" என்றார். குடலும் இல்லை, உருவலும் இல்லை. அவருக்குப் பின் பேசியவர்களும் அப்படித்தான். சொந்த மொழியில் புலியாக இருந்தவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வாய் திறந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகச் சுருங்கிப்போனார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று டெக்வென் பல்லைக் கடித்தாள்.

"எல்லாருடைய உணர்வும் எனக்குப் புரிகிறது" என்றார் விட்கோம். "ஆனால் நாங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசித்தான் முடிவு செய்கிறோம். சம்மதிக்காத யாரையும் நகர்த்தவே மாட்டோம்."

டெக்வென் எழுந்தாள். வெல்ஷில் கேட்டாள்.

"எம் புருஷன் இட்வால்கிட்ட யாரு பேசினா? என்ன பாஷையில பேசினா?"

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசையிலிருந்த டில்வின் திரும்பி, "டெக்வென், அவருக்குப் புரியாதும்மா, இங்கிலீஷ்ல கேளு" என்று கையைக் கீழே ஆட்டினார்.

"புரியணும்னா பெட்டியில இருக்கறத எடுத்து மாட்டட்டும். அதுக்குத்தானே கொண்டு வந்திருக்கீங்க, பொரியல் பண்ணவா?"

மாப்லி பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள். டெரிக்கின் காதில் முதல் முறையாக ஏதோ கேட்டிருக்க வேண்டும், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து கை தட்டிவிட்டார். விட்கோம் காதுக்கருவியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். முகத்திலிருந்த கனிவு மட்டும் அசையவில்லை.

"உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும் என்று நினைக்கிறேன், அம்மா."

"எனக்கு வரும். அவருக்கு வராது. நான் எங்கேயும் குடி போகலியே, போகப் போறது அவருதானே."

விட்கோம் டேப்லெட்டைத் தடவினார். "தனிப்பட்ட விவரத்தை எல்லார் முன்னாலும்..."

"நான் அவர் பொண்டாட்டி சொல்றேன், படிங்க."

"நல்லது. எங்கள் அலுவலர் அவரைச் சந்தித்திருக்கிறார். கேள்விகளுக்குத் தெளிவாக, இனிமையாக ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறார். புது இல்லத்துக்குப் போக விருப்பமா என்று கேட்டதற்கு, 'வெரி குட், தேங்க் யூ' என்றிருக்கிறார். சம்மதம் என்று பதிவாகியிருக்கிறது."

 டெக்வென்னுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. டிக்கெட் வாங்கின ஒவ்வொரு சுற்றுலாக்காரனிடமும் இட்வால் ஆயுள் முழுக்கச் சொன்ன வார்த்தை அது. ஆங்கிலம் மொத்தமும் உதிர்ந்துபோன பிறகும் இந்த ஒரு கிளிப்பேச்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்ட நர்ஸிடமும் இதையேதான் சொன்னான். அவள் வலிக்கு மருந்து கொடுக்காமல் போய்விட்டாள். வந்தவர் மனம் கோணக்கூடாது என்ற இந்தப் பாழாய்ப்போன ஊர்ப் புத்தி, மூளை போன பிறகுமா போகாது?

"ஆத்துல தூக்கிப் போடட்டுமான்னு கேட்டாலும் அவரு அதத்தான் சொல்லுவாரு" என்றாள். "வாங்க மேலே. நீங்களே கேட்டுப் பாருங்க."

"இன்றைய நிகழ்ச்சி நிரலில்..."

"நிரல் கிடக்கட்டும். கேட்கத்தானே வந்தீங்க, கேளுங்க."

டெரிக் கார் சாவியை ஆட்டிக் காட்டினார். பத்து பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாட்டேன் என்று சொல்லவும் விட்கோமுக்கு வழியில்லை. மழையில் நனைந்த பளபளப்புச் சப்பாத்தோடு அவர் காரில் ஏறினார், மாப்லியும் ஏறினாள். கவுன்சிலர் ஆயிற்றே, டில்வினும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறிக்கொண்டார்.

மேட்டு வீட்டில் இட்வால் ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தான். முழங்காலில் கம்பளி. பணிப்பெண் அப்போதுதான் வெண்ணெய் தடவிய பழரொட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், துணுக்குகள் சட்டையில் கிடந்தன.

விட்கோம் குனிந்து, செவிடரிடம் பேசுவது போல உரக்கவும் நிதானமாகவும் ஆங்கிலத்தில் கேட்டார். "எப்படி இருக்கிறீர்கள், இட்வால்? எல்லாம் வசதியாக இருக்கிறதா?"

இட்வால் சிரித்தான். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். "வெரி குட், தேங்க் யூ."

"கடலைப் பார்த்த மாதிரி ஒரு புது அறை கிடைத்தால் உங்களுக்குப் பிடிக்குமா?"

"வெரி குட், தேங்க் யூ."

விட்கோம் நிமிர்ந்து டெக்வென்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றிகூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப நான் சொன்னதைக் கேளுங்க. ஆத்துல போடவான்னு."

"அது நாகரிகமில்லை, அம்மா. ஒரு முதியவரிடம் அப்படிக் கேட்க என்னால் முடியாது." டேப்லெட்டை மூடப் போனார்.

நாகரிகமாம். ஆளையே பெயர்த்துக்கொண்டு போவது நாகரிகம், கேட்பதுதான் நாகரிகமில்லை. டெக்வென் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இட்வால், இப்பவே உன்னை ஆற்றில் தூக்கிப் போட்டுவிடட்டுமா?"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பஸ் படியில் ஏறும் யாரோ ஒரு பயணியிடம் காட்டும் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து இந்த முகம் அவளிடம் ஒருமுறைகூட இப்படிச் சிரித்ததில்லை. இவனிடம் இதுவரை ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வெரி குட், தேங்க் யூ" என்றான், சிரம் தாழ்த்தி.

 மாப்லி தாங்க முடியாமல் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, வெல்ஷில், "நல்லா இருக்கீங்களா, மாமா?" என்றாள்.

இட்வால் அவள் கையைப் பிடித்துக் கொண்டான். முகம் சட்டென்று இறுகியது. குரலைத் தாழ்த்தி வெல்ஷில் கொட்டினான்.

"யாரும்மா இவங்கெல்லாம்? ஒரு எழவும் புரியல. வந்தவங்கள முகத்துல அடிச்ச மாதிரி பேசக்கூடாதேன்னு சிரிச்சு வச்சேன். அந்தாளாவது பரவால்ல. அந்தப் பொம்பள நிக்கிற தோரணையே சரியில்ல. டெக்வென் வந்தா சொல்லு, அவள இனிமே உள்ள விட வேண்டாம்னு."

மாப்லி எழுந்தாள். சொல்லத்தான் வேண்டும், அது அவள் வேலை. ஒரு சொல் விடாமல், அந்தப் பொம்பளையையும் விடாமல், ஆங்கிலத்தில் விட்கோமிடம் சொன்னாள்.

 விட்கோம் டேப்லெட்டை எடுத்து விரலால் எதையோ அழித்தார். "சம்மதம் என்பதை எடுத்துவிட்டேன். வெல்ஷ் பேசும் அலுவலரை வைத்து மறுபடி கேட்க வேண்டும். அதுவரை இவரை நகர்த்த முடியாது. எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை, தேட வேண்டும்" என்றார். கனிவு போய், முகம் முதல் முறையாக ஒரு சாதாரண மனிதனின் முகமாக இருந்தது.

"ரொம்ப நன்றி ஐயா, மழையில இவ்வளவு தூரம் வந்து..." என்று டில்வின் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க டில்வின்" என்றாள் டெக்வென். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பேசப் பயமாக இருந்தது. வாய் திறந்தால் மறுபடி அந்தச் சிரிப்பு வந்துவிடுமோ. சட்டையில் கிடந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"வெண்ணெய் நிறைய தடவினாளா?" என்று கடைசியில் வெல்ஷில் கேட்டாள்.

"டெக்வென்!" அவன் கை துழாவி அவள் மழைக்கோட்டைப் பிடித்தது. "எங்க போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்? என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்ட. ஒரு பொம்பள வந்து மேல நின்னுக்கிட்டு என்னென்னவோ பேசினா. எனக்குப் பயமாப் போச்சு. அவ போயிட்டாளான்னு பாரு."

டெக்வென் எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே நடையில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"போயிட்டா" என்றாள்.