மோனிக்காவை அழவிடாத வீடு

மோனிக்காவை அழவிடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. மலாக்கா மாநிலத்தில் லூபோக் சீனா பக்கம் செம்பனை எண்ணெய் ஆலைக் குடியிருப்பில் இருந்த அந்த வீட்டை அதுவரை ஆண்டவள் பாட்ரீசியா. மஸ்ஜித் தானாவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருபவள், வாய்க்கும் கைக்கும் சளைக்காதவள். கணவன் செபாஸ்டியன் ஆலையில் மெக்கானிக், வீட்டில் அவளுடைய பிரஜை. இருவரையும் பத்து வயது மகள் ஒரே வாரத்தில் ஓரங்கட்டிவிட்டுச் சிம்மாசனத்தில் ஏறிக்கொண்டாள்.

ஆனால் அந்த உத்தரவு வருவதற்கு முந்திய நாலு மாதமும் சிரிக்கிற மாதிரி இல்லை. முதல் தடவை அது வந்தது மஸ்ஜித் தானா பசார் மாலாம் இரவுச் சந்தையில். சூடான மீ சூப்பை மோனிக்கா ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இடது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஒழுங்கா புடி" என்று பாட்ரீசியா அதட்டினாள்.

"புடிக்க முடியலம்மா. கை வரமாட்டுது."

வாய் கூட லேசாகக் கோணியிருந்தது. பாட்ரீசியா பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு கார் வரை ஓடினாள். கார் கதவைத் திறப்பதற்குள் கை சரியாகிவிட்டது. கிளினிக்கில் மோனிக்கா அந்த இடது கையாலேயே டாக்டருக்கு டாட்டா காட்டினாள். அவர் சத்து மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பினார். பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா அது சுளுக்குதான் என்று அடித்துச் சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டார். பிறகு அது மறுபடி மறுபடி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இருக்கும், போய்ச் சேரும்போது இருக்காது. பிள்ளை நடிக்கிறது என்று கூட ஒருவர் சொன்னார். அவரைப் பாட்ரீசியா என்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது.

செபாஸ்டியன் பேசமாட்டான், எழுதுவான். ஆலையில் எந்த இயந்திரம் நின்றாலும் பதிவுப் புத்தகத்தில் குறித்தாக வேண்டும்: எத்தனை மணிக்கு நின்றது, நிற்பதற்கு முன் என்ன வேலை நடந்தது, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஓடியது. இருபது வருடமாக அப்படி எழுதிப் பழகிய கை. மகளின் கை இரண்டாவது தடவை விழுந்த அன்றே ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அதே மாதிரி கோடு போட்டு, முதல் தடவையையும் சேர்த்து, எழுத ஆரம்பித்துவிட்டான்.

"பிள்ளைய என்னா மெஷின்னு நெனச்சிட்டீங்களா?" என்று பாட்ரீசியா சண்டை பிடித்தாள். அவன் பேனாவை மூடி வைத்தான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகு, அவளே அந்தப் புத்தகத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். 'நிற்பதற்கு முன்' என்ற கட்டத்தில் அவன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். சூப் ஊதினாள். அழுதாள், பென்சில் பெட்டி தொலைந்ததற்கு. பள்ளியில் ரெக்கார்டர் குழல் வாசித்தாள். பலூன் ஊதினாள். அழுதாள், ஊசிக்கு. மறுபடி ரெக்கார்டர். பாட்ரீசியாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"ஏங்க, இங்க வாங்க. எல்லாமே மூச்சுங்க. ஊதுனா வருது, அழுதா வருது. சும்மா இருக்கையில ஒரு தடவகூட வரலயே."

மறுநாள் அந்தப் புத்தகத்தோடு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தேவிஸ்ரீ சின்ன வயதுதான். புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டு, உடனே ஸ்கேனுக்கு எழுதினார். படம் வந்ததும் பெற்றவர்களை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூளைக்கு ரத்தம் கொண்டு போற பெரிய கொழாய்ங்க சுருங்கிக்கிட்டே வருது. அத ஈடுகட்ட பொடிப் பொடியா புதுக் கொழாய் மொளச்சிருக்கு. படத்துல பாத்தா பொக மாதிரி தெரியும். அதனாலதான் ஜப்பான்காரங்க மோயாமோயான்னு பேரு வச்சாங்க. அழுதா, ஊதுனா, மூச்சு வேகமாப் போயி அந்தக் கொழாய்ங்க இன்னும் இறுகிக்கும். கை விழுந்துடும். இப்ப அஞ்சு நிமிஷத்துல திரும்பி வருது. ஒரு நாளைக்கு வராமலே போயிடலாம்."

"மருந்து?" என்றான் செபாஸ்டியன்.

"ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை தரேன். ஆனா கொழாய்ய தொறக்கற மருந்து இல்லண்ணே. கே.எல்.லதான் ஆப்பரேஷன். தலைத் தோல்ல ஓடற ஒரு ரத்தக் கொழாய்ய எடுத்து மூளை மேல படிய வைப்பாங்க. அதுலருந்து புதுசா கிளை விடும். அதுவரைக்கும் தண்ணி நெறய குடிக்கட்டும். சூடா எதுவும் ஊதிச் சாப்பிட வேணாம். முக்கியமா, அழ விடாதீங்க."

கோலாலம்பூரில் முறை வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். பாட்ரீசியா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ரகம் இல்லை. யாராவது வராமல் போனால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று எழுதிக்கொடுத்தாள். திங்கட்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு அங்கே போன் போட்டாள். மூன்றாவது வாரத்தில் அந்தப் பக்கத்து தாதி குரலை வைத்தே "மோனிக்கா அம்மாவா?" என்று கேட்கத் தொடங்கினாள்.

இந்தப் பக்கம் மோனிக்காவின் ஆட்சி கொடிகட்டிப் பறந்தது. கஞ்சி காற்றாடிக்குக் கீழே பத்து நிமிடம் ஆறிய பிறகுதான் மேசைக்கு வரும். வீட்டில் ஒரு பூனைக்குட்டி வந்தது. அதற்குத் துணை வேண்டுமென்று இன்னொன்று வந்தது. முத்தாயி அக்காவின் பேரப் பிள்ளைகள் கேரம் போர்டில் அவளிடம் தோற்றே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவளது கீழுதடு லேசாகத் துடித்தால் போதும், குடியிருப்பே அலறியது. "ஐயோ குடுத்துடுங்கலா, அழுதுடப் போறா!" வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் உதடு துடிக்கும். முருங்கைக் கீரையைக் கண்டாலும் துடிக்கும். நாலு பேர் வாங்கும் சாமானில் ஒரு சென் காசு தவறினாலும் கண்டுபிடிக்கும் பாட்ரீசியாவுக்கு மகளின் தில்லுமுல்லு தெரியாமலா போகும்? தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு தோற்றுக்கொண்டிருந்தாள்.

ஏழு வாரம் இப்படிப் போயிற்று. கை ஒரு தடவை கூட விழவில்லை. எட்டாவது வாரத்து வியாழக்கிழமை, பாட்ரீசியா கல்லாவில் இருந்தபோது கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது. அடுத்த செவ்வாய் ஒரு இடம் காலியாகிறது, ஞாயிறே வந்து படுக்கையில் சேர வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்லுங்கள் என்றாள் அந்தத் தாதி. பாட்ரீசியா முதலாளியிடம் சொல்லிவிட்டு நேராக ஆலைக்குக் காரை விட்டாள்.

செபாஸ்டியன் எண்ணெய்க் கையோடு வாசலுக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலரும் என்று நினைத்திருந்தாள். மலரவில்லை.

"ஏழு வாரமா ஒண்ணும் இல்லையே" என்றான்.

"அதனால?"

"புஸ்தகம் சுத்தமா இருக்கு, பாட்ரீசியா. ஒரு வரிகூட எழுதல. மருந்துலயே சரியாயிட்டு வருதோ என்னமோ. வருசக் கடைசி வரைக்கும் பாப்போமே. சும்மா இருக்கற பிள்ளைய எதுக்கு…"

பாட்ரீசியாவுக்குச் சுருக்கென்றது. அவள் மனத்திலும் அந்த ஆசை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது என்பதுதான் உண்மை. ஒவ்வொரு இரவும் வெற்றுப் பக்கத்தைப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். இப்போது அவன் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று புரிந்தது.

"உள்ள அந்தப் பழம் நசுக்கற மெஷின் இருக்கே, அதுக்கு பேரிங் போச்சுன்னு வச்சுக்குங்க" என்றாள். "பேரிங் மாத்தாம, பழத்த மட்டும் கால்வாசியாப் போட்டு ஓட்டுனா நிக்காம ஓடுமா ஓடாதா?"

"ஓடும்."

"ஏழு வாரம் ஓடுனா, மெஷின் நல்லாயிடுச்சுன்னு புஸ்தகத்துல எழுதுவீங்களா?"

அவன் திரும்பி உள்ளே பார்த்தான். ஆலைக்குள் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நாம அவ கொழாய்ய சரி பண்ணல. அவள அழ விடல, ஊத விடல, அவ்வளவுதான். எத்தன நாளைக்கு? நாளைக்கே பள்ளிக்கூடத்துல ஒரு பையன் தள்ளிவிட்டா அழமாட்டாளா?"

"தலையத் தொறப்பாங்க" என்றான் செபாஸ்டியன். "நான் எத வேணும்னாலும் பிரிச்சுப் பாத்துருக்கேன். எம் பிள்ளத் தலைய…"

"எனக்கும் பயம்தான். ஆனா கை திரும்பி வராமப் போயிடுமோன்னு அதவிடப் பயமா இருக்குங்க."

அவன் எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்தான். "போன் போடு" என்றான். மணி அப்போது மூன்று கூட ஆகவில்லை.

மோனிக்காவிடம் பொய் சொல்வதில்லை என்று பாட்ரீசியா முடிவு செய்தாள். வலிக்கும் என்றாள். ஒரு பக்கம் முடியை எடுப்பார்கள் என்றாள். கீழுதடு துடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை அது நடிப்பு இல்லை என்று இருவருக்குமே தெரிந்தது. செபாஸ்டியன் தண்ணீர் போத்தலை நீட்டினான். மோனிக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு யோசித்தாள்.

"என் முடி போனா அப்பா மீசையும் போகணும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்து அவன் சீராட்டி வளர்த்த மீசை அது. பத்து நிமிடத்தில் குளியலறையிலிருந்து புதிய ஆள் ஒருவன் வெளியே வந்தான். மேலுதடு வெளிறிப்போய், பார்க்கப் பரிதாபமாக இருந்தான். மோனிக்கா சிரித்த சிரிப்பில் அழுகை ஓடிவிட்டது.

செவ்வாய் காலை மயக்க மருந்து அறை வரை பாட்ரீசியா கூடப் போனாள். முன்கூட்டியே கொடுத்த மருந்தில் மோனிக்காவுக்குக் கண் சொருகியிருந்தது. அம்மாவின் விரலைப் பிடித்திருந்த பிடி தானாக நழுவியது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் அவள் உள்ளே போனாள். வெளியே வந்த பாட்ரீசியாவோ, இத்தனை நாள் அடக்கியதற்கெல்லாம் சேர்த்து, நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செபாஸ்டியன் பக்கத்தில் உட்கார்ந்து அருள்நிறை மரியே செபம் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அறுவை டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது, ஆனால் கிளை விட ஆறு மாதமாவது ஆகும், அதுவரை பழைய கட்டுப்பாடுதான் என்றார்.

ஆகவே ஆட்சியும் ஆறு மாதம் நீடித்தது. காதுக்கு மேலே வளைந்த தழும்பைக் காட்டியே மோனிக்கா குடியிருப்பில் இன்னும் பல வெற்றிகளைச் சம்பாதித்தாள். கையும் ஒரு தடவைகூட விழவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தைக் கோலாலம்பூர் டாக்டர்கள் பார்த்துவிட்டு மலாக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் தேவிஸ்ரீ அதைத் திருப்பிக் காட்டினார். வலது பக்கத்தில், வைத்த குழாயிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கிளை விட்டிருந்தது.

"ரத்தம் நல்லாப் போகுது. வருசா வருசம் படம் எடுத்துப் பாப்போம், இடது பக்கத்தயும் பாத்துக்குவோம். இனிமே மத்த பிள்ளைங்க மாதிரியே வளத்தாப் போதும். அழுதா அழட்டும்லா" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பூனைகளுக்குத் தீனி வாங்க டவுனில் ஒரு கடைக்குப் போனார்கள். மோனிக்கா நேராக ஒரு கூண்டின் முன்னால் போய் நின்றாள். உள்ளே வெள்ளெலி ஒன்று சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது வேணும்."

செபாஸ்டியனின் கை பழக்கதோஷத்தில் பர்சுக்குப் போயிற்று. பாட்ரீசியா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்" என்றாள்.

எட்டு மாதத்தில் கேட்காத சொல். மோனிக்கா தாயை ஏற இறங்கப் பார்த்தாள். கீழுதடு துடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாகத் துடித்தது.

"வீட்டுல ரெண்டு பூனை இருக்கு. இது ஒரு நாள் தாங்காது. வேணாம்னா வேணாம்."

அப்புறம் வெடித்தது. கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, மூச்சு வாங்க வாங்க, தொண்டை கிழிய மோனிக்கா அழுதாள். செபாஸ்டியன் வெளுத்துப்போய் மகளின் இடது கையையே பார்த்தான். பாட்ரீசியாவுக்கு, வாங்கித் தருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். மூன்று. வாய் கோணவில்லை. இடது கை விரல்கள் முஷ்டி பிடித்தபடியே இருந்தன.

அழுதும் பலனில்லை என்று கண்டதும் மோனிக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டி, இடது கையாலேயே, அம்மாவின் புஜத்தில் நறுக்கென்று கிள்ளினாள். சதையைப் பிடித்துத் திருகிய கிள்ளு.

"ஆ!" என்று கத்தினாள் பாட்ரீசியா. கண்ணில் நீர் முட்டியது. குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டு நகமும் பதிந்து சிவந்திருந்தது.

"ஏங்க, பாருங்க" என்று பெருமையோடு கணவனிடம் புஜத்தை நீட்டினாள். "எப்படி வலிக்குது தெரியுமா!"