பின்னிறக்கை

படகின் வால் முதலில் தூக்கியதை, துறையில் நின்ற நான்கு பேரில் படகு செய்யும் கொட்டகையின் பிட்டர் ஒருவன்தான் கவனித்தான். மற்றவர்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? எட்டுப் பேர் உட்காரும் படகு தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி, அடியில் இரண்டு கருப்புக் கால்கள் மட்டும் நீரைக் கிழித்துக்கொண்டு வருவது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. முதலாளி கைதட்டவே தொடங்கிவிட்டார். அவர் மூன்றாவது தட்டு தட்டுவதற்குள் படகு தலைகுப்புறத் தண்ணீருக்குள் செருகிக்கொண்டது. ஓட்டியவன் ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் போய் விழுந்தான். அவனுக்கு அந்த வட்டாரத்தில் ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். நிதானத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம் என்பதால் வைத்த பெயர். அன்று பாவம், சொன்ன வேகத்துக்கு மேல் ஒரு புள்ளிகூடப் போகவில்லை. காறை எலும்பு முறிந்தது. மேலுதட்டில் ஆறு தையல்.

படகுகளுக்கு அடியில் இறக்கை வைப்பது பிட்டரின் மனைவியின் வேலை. வைப்பது என்றால் தாளில் வைப்பது. அதையே இரும்பிலும் பைபரிலும் வைப்பது அவன் வேலை. கொட்டகையில் எல்லோரும் அவளை எஞ்சினியரம்மா என்பார்கள். அவனும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவான், பாதி கேலி, பாதி பெருமை. ஆகாய விமானத்தைக் காற்று தூக்குகிறமாதிரி, ஓடும் படகைத் தண்ணீர் தூக்குகிறது. முன்னால் இருக்கும் பெரிய இறக்கை பாரம் சுமக்கும். பின்னால் முழ நீளத்தில் ஒரு சின்ன இறக்கை, படகு முன்னும் பின்னும் ஆடாமல் இருப்பதற்கு. இதற்கு முன் இருவரும் சேர்ந்து செய்த மூன்று படகுகளிலும் அந்தப் பின்னிறக்கை மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தது. எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். இந்த நான்காவது படகுக்குத்தான் முதல்முறையாக அவள் அதற்கு ஒரு புடைப்பு கொடுத்து, புடைப்பைக் கீழ்ப்பக்கமாக வரைந்திருந்தாள்.

அந்த வாரம் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இவள் காலையில் வார்டு, மதியம் வரைபலகை, சாயந்திரம் மறுபடி வார்டு என்று அலைந்துகொண்டிருந்தாள். அதே தாளில் போல்ட்டின் நீளத்தைத் தப்பாக எழுதியிருந்தாள். அந்த நீளத்துக்கு நட்டை எட்டவே எட்டாது. பிட்டர் ஒன்றும் சொல்லாமல் நீளமான போல்ட் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் இறக்கையைப் பார்த்தான். புடைப்பு மேலே இருந்தால்தானே தூக்கும், முன்னிறக்கையில் மேலேதானே இருக்கிறது? பெற்றவள் படுக்கையில் கிடக்கும்போது மகள் தலைகீழாக வரையாமல் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவள்மேல் இரக்கமாக வந்தது. இறக்கையைத் திருப்பிப் போட்டு, நான்கு போல்ட்டையும் முடுக்கி, மேலே பட்டி பூசி, தேய்த்து, கருப்புப் பெயின்ட் அடித்து, காதும் காதும் வைத்தமாதிரி வேலையை முடித்துவிட்டான். அன்று வீட்டுக்குப் போகும்போது அவனுக்குத் தன்னைப் பற்றி மிகவும் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

வால் தூக்கிய கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. சின்ன இறக்கை தூக்குவதற்காக இல்லை, வாலைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிப்பதற்காக. வால் அமுங்கியிருந்தால்தான் மூக்கு நிமிர்ந்திருக்கும். அவள் வேண்டுமென்றேதான் கவிழ்த்து வரைந்திருக்கிறாள். எல்லோரும் நிதானத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகு, கரையேற்றிய படகின் அடியில் மல்லாந்து படுத்து, பின்னிறக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். புடைப்பு ஒரு நாணயத்தின் கனம்கூட இருக்காது. கண்ணால் பார்த்தால் தெரியாது. கைக்குத் தெரிந்தது.

திருப்பிப் போட இரண்டு மணி நேரம் போதும். பெயின்ட் காய ஒரு நாள். படகு அடுத்த தடவை ஒழுங்காக ஓடிவிடும். காற்று, அலை, கட்டை எதுவோ அடித்திருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி மறந்துவிடுவார்கள். அவனுக்கு வேண்டியதெல்லாம் யாரும் இல்லாத கொட்டகை. அதுதான் கிடைக்கவில்லை. நான்கு நாளாக அவள் காலையில் திறக்கும்போது வந்து, பூட்டும்போதுதான் எழுந்தாள்.

முதல் நாளே கேட்டாள்.

“பின்னிறக்கைக் கோணம் அளந்தீங்களா?”

“அளந்தேன்.”

“எவ்வளவு?”

“நீ போட்டதுதான். ஒன்றரை டிகிரி.”

“நீங்க அளந்தா சரி” என்று அந்த வரியின்மேல் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள். அவன் சொன்னதில் துளி பொய் இல்லை. உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை அவன் தன் நாற்பத்தெட்டாவது வயதில் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. டீ ஆறிப்போய் ஏடு படிந்தது.

மூன்றாம் நாள் காலையில் சாப்பாட்டு மேஜை முழுக்க ரப்பர் துகள். தட்டு வைக்க இடம் இல்லாமல் அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். அவள் ஒரே கணக்கை நான்கு வழியில் போட்டிருந்தாள். நான்கிலும் ஒரே விடை வந்திருந்தது, அந்த விடைப்படி படகு குத்திக்கொள்ளவே கூடாது.

“எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு போல” என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. காய் வாங்க மறந்துபோனதைச் சொல்கிறமாதிரி சொன்னாள். “இது முடிஞ்சதும் முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். வேற யாராவது வரையட்டும்.”

“ஒரு படகுக்காகவா?”

“ஒருத்தனுக்கு எலும்பு ஒடைஞ்சிருக்குங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். முதலில் இறக்கையைத் திருப்பிவிடுவோம், படகு ஓடினால் இவள் தானாகத் தேறிவிடுவாள் என்று சமாதானம் செய்துகொண்டான். பயம்தான். இருபது வருஷத்தில் அவள் அவனை நூறு விஷயத்துக்குத் திட்டியிருக்கிறாள். அவன் கை வேலையை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அது ஒன்றுதான் தன்னிடம் உருப்படியாக இருப்பது என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

ஐந்தாம் நாள் காலை அவள் ஒரு புதுத் தாளோடு கொட்டகைக்குள் வந்தாள். குளித்து, தலை வாரி, நான்கு நாளுக்குப் பிறகு மனுஷி மாதிரி இருந்தாள்.

“வால்தான் தூக்கியிருக்கு. எப்படி யோசிச்சாலும் அங்கதான் வந்து நிக்குது. எதனாலன்னு தெரியல, ஆனா தூக்கியிருக்கு. அதனால பின்னிறக்கைக்குப் புது ஆப்பு. கோணம் இன்னும் மூணு டிகிரி. மத்தியானத்துக்குள்ள போட முடியுமா?”

“மத்தியானமா?”

“மூணு மணிக்கு ஓட்டிப் பாக்கறோம். முதலாளி வர்றார்.”

“யார் ஓட்டறது? அவனுக்குத்தான் கை தொங்குதே.”

“நான்தான். ஒடையணும்னா என்னோடது ஒடையட்டும்.”

அவன் தாளை வாங்கிக்கொண்டு பட்டறை மேஜைக்குப் போனான். கட்டையை எடுத்தான், கோடு போட்டான், வைத்துவிட்டான். இறக்கையை ரகசியமாகத் திருப்பிவிட்டு இந்த ஆப்பையும் வைத்தால் வால் இரண்டு பங்கு அமுங்கும். படகு துள்ளி வானத்தைப் பார்த்துவிட்டு மல்லாந்து விழும், சக்கரத்தில் அவள் இருப்பாள். திருப்பாமல் ஆப்பை மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஒருவேளை ஓடலாம். ஓடிக்கொண்டே இருந்து வேகம் கூடும்போது குத்தலாம். சரியாகச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான், அவளிடம் கேட்க முடியாது.

அந்த நேரம் பார்த்து நிதானம் கையைத் தூளிக்கட்டில் தொங்கவிட்டபடி உள்ளே வந்தான். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையாம்.

“அண்ணே, இந்தத் தடவை நான் கரையில நின்னு கைதட்டறேன். முதலாளி மூணு தட்டினாரு, நான் நாலு தட்டறேன்” என்றான் தையல் போட்ட உதட்டை அசைக்காமல்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் பிட்டர் சொன்னான்.

“அந்த இறக்கையத் திருப்பிப் போட்டது நான்.”

“எந்த இறக்கை?”

“பின்னது. நீ புடைப்பைக் கீழ போட்டிருந்தே. தப்பா வரைஞ்சுட்டேன்னு நெனச்சு மேல திருப்பிட்டேன்.”

அவள் மேஜையிலிருந்து இறக்கையின் புடைப்புக்குப் பொருந்த வெட்டிய அட்டையை எடுத்துக்கொண்டு படகின் அடியில் குனிந்தாள். அட்டையை மேல்பக்கம் வைத்தாள், ஒட்டிக்கொண்டு நின்றது. கீழ்ப்பக்கம் வைத்தாள்; நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தாள். எழுந்து திரும்பியபோது அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

“அப்போ என் கணக்கு சரி” என்றாள்.

“சரிதான்.”

“நாலு வழியிலயும் சரியாத்தான் வந்துச்சு. நாலு வழியிலயும்!” நிதானத்தைப் பார்த்துச் சொன்னாள், அவன்தான் நம்பாதவன் என்பதுபோல.

“எஞ்சினியரம்மா கணக்கு சரியா இருந்துமா எனக்கு எலும்பு ஒடைஞ்சது?” என்றான் நிதானம். பிறகு பிட்டரை ஒரு தரம் பார்த்தான். திட்டத்தான் வாய் எடுத்தான். உதட்டுத் தையல் இழுத்தது, விட்டுவிட்டான். “நான் போய் டீ குடிச்சிட்டு வர்றேன்” என்று வெளியே போனான்.

இவ்வளவுதானா என்று பிட்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்து நாளாக எதற்காக இப்படிச் செத்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகின் பக்கம் போனான்.

“எங்கிட்ட ஏன் கேக்கல?” என்றாள் பின்னாலிருந்து.

“உங்கம்மா அப்படிக் கிடக்கும்போது… நீ சங்கடப்படுவேன்னு.”

“போல்ட்டும் நீங்கதானா? நான் எழுதினது எட்டாதுன்னு நேத்துதான் பாத்தேன்.”

“ஆமா.”

அவள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அவன் பார்த்தான்.

“இதுக்கு முன்னாடி?”

இல்லை என்று சொல்ல ஒரு விநாடிகூட ஆகாது. அவள் நம்பியும் இருப்பாள். ஆனால் அவனிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

“ரெண்டாவது படகுல. முன்காலை முக்கால் இஞ்ச் பின்னால தள்ளினேன். நீ சொன்ன இடத்துல மரம் பலவீனமா இருந்துச்சு.”

“முக்கால் இஞ்ச்.”

“நல்லாத்தானே ஓடுது. அஞ்சு வருஷமா ஓடுது.”

“அது நல்லா ஓடுறதை வெச்சுத்தாங்க மூணாவதை வரைஞ்சேன். இதையும் அதை வெச்சுத்தான் வரைஞ்சேன்.” குரல் உயரவில்லை. “வேற என்ன?”

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். இருபது வருஷம், எத்தனை தாள், எத்தனை கால், எத்தனை ஓட்டை. கை பாட்டுக்கு எது எதையோ சரிசெய்திருக்கும்.

“ஞாபகம் இல்ல” என்றான்.

அவள் அளவுநாடாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். இரண்டாவது படகு அப்போதுதான் அக்கரையிலிருந்து வந்து துறையில் அணைந்திருந்தது. ஆட்கள் பையும் சைக்கிளுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் துறைப் பலகைமேல் குப்புறப் படுத்து, முன்கால் இருக்கும் இடத்தை அளக்கத் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அவன் படகு ஆடாமல் கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, நோட்டை முழங்காலில் விரித்து, மறு கையில் பென்சிலை எடுத்துக்கொண்டான். எப்போதும் அப்படித்தான், அவள் அளப்பாள், அவன் எழுதுவான்.

“முப்பத்தொண்ணே கால்” என்றாள்.

“முப்பத்தொண்ணே கால்” என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.

அவள் கையை வெளியே எடுத்து, அவனிடமிருந்து நோட்டையும் பென்சிலையும் வாங்கினாள். அவன் எழுதியிருந்ததைப் பார்த்தாள். பிறகு நோட்டைத் தன் முகத்துக்கு நேரே பலகையில் வைத்து, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபடி தண்ணீருக்குள் கையை விட்டாள். இரண்டாவது அளவை வாய்விட்டுச் சொல்லாமல் தானே எழுதிக்கொண்டாள். இறங்குகிறவர்கள் அவள் கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் விரலிலிருந்து சொட்டிய தண்ணீர் தாளில் பரவி, அவன் எழுதிய எண்ணுக்கும் அவள் எழுதிய எண்ணுக்கும் நடுவில் வந்து நின்றது.