கழுவிய ராக்கெட்

கடலில் மிதக்கும் மேடையில் நல்லபடியாக இறங்கிய ராக்கெட், கரி பூசிய முகத்தோடு அமெரிக்காவின் கனாவரல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அந்தச் சின்னக் கம்பெனியில் கண் கலங்காத ஆள் இல்லை. பக்கத்துப் பெரிய கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் சர்வசாதாரணம். ஏவுவான், இறக்குவான், அதையே மறுபடி ஏவுவான். விலையையும் குறைத்துக் குறைத்து மற்றவர்கள் வயிற்றில் அடிப்பான். இவர்களுக்கோ இது தலைப்பிள்ளை.

அந்தப் பாசம்தான் வினையாகிப் போயிற்று. ஒருமுறை பறந்த ராக்கெட்டில் தன் செயற்கைக்கோளை அனுப்பச் சம்மதித்த ஒரே மனிதர் ஹார்லன் ஓட்ஸ். அவர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும், மெக்கானிக் டெல்ராயும் கூட்டாளிகளும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் ராக்கெட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டார்கள்.

சோதனைப் பொறுப்பில் இருந்த வெர்னா வந்து பார்த்தாள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"எப்படி மின்னுது பாத்தீங்களா பாஸ்? பக்கத்துக்காரன் மாதிரி அழுக்கு மூட்டையாவா காட்டுறது? நம்ம மானம் என்னாகுறது?"

"அட கூறுகெட்டவனே! சூடு எங்க கசிஞ்சுதுன்னு அந்தக் கரிதான்யா சொல்லும். சாட்சியையே கழுவிவிட்டுட்டு மானத்தப் பத்திப் பேசுறியா?"

டெல்ராயின் முகம் செத்துப்போயிற்று.

ராக்கெட் இறங்கும்போது ஊன்றும் கால்களில் ஒன்றின் மூடியைக் கழற்றச் சொன்னாள் வெர்னா. தண்ணீர் புகாத அந்த இடுக்கில் மட்டும் கரி மிச்சமிருந்தது. அதன் நடுவே வெளிறிய ஒரு கோடு. சூடான வாயு உள்ளே சீறியிருக்கிறது. எங்கிருந்து சீறியது என்று சொல்ல வெளியே கரி இல்லை. அடியோடு பிரித்துப் பார்த்தாக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும்.

"மூடிரலாம் பாஸ்," டெல்ராய் கெஞ்சினான். "இவரும் போயிட்டா கம்பெனியே படுத்துரும். நாமெல்லாம் நடுத்தெருவுலதான்."

வெர்னாவுக்கும் அந்த ஆசை வந்தது. நன்றாகவே வந்தது, அவளும் சம்பளத்தை நம்பிப் பிழைப்பவள்தானே?

ஓட்ஸ் வந்தார். "அட, இன்னிக்குத்தான் செஞ்சு வச்ச மாதிரி இருக்கே!" என்று பூரித்துப் போனார். வெர்னா அவரை அந்தக் காலுக்கு அருகே அழைத்துப்போய், உள்ளே இருந்த கோட்டைக் காட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னாள்.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"என்னால காத்திருக்க முடியாதும்மா. எங்களோடது புயலக் கண்காணிக்கிறது. புயல் காலத்துக்கு முன்னாடி மேல போயாகணும். பக்கத்துக் கம்பெனிக்குத்தான் போகணும்."

"தெரியும் சார்."

அவர் அவள் கையைக் குலுக்கினார். டெல்ராயின் ஈரக்கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கார் மறைந்ததும் டெல்ராய் தரையில் உட்கார்ந்து தேம்பினான். "என்னாலதான போச்சு, பாஸ்?"

வெர்னா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கழுவுனதுக்கு உனக்கு இன்னும் திட்டு பாக்கி இருக்கு. ஆனா ஒண்ணு. அவரோட செயற்கைக்கோள் பக்கத்துக்காரன் ராக்கெட்டுல வானத்துக்குப் போகும். நம்ம ராக்கெட்டுல ஏத்தியிருந்தா கடலுக்குப் போயிருக்கும். எந்திரி, ஸ்பானர எடு."