கோடு நகரவில்லை

ரப்பரை இழுத்துக் கட்டிவிட்டு, அது எப்படிச் சோர்ந்துபோகிறது என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் யாரிடமாவது இதைச் சொன்னால் ஒரு 'ஓஹோ' போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். திரும்பட்டும். அவர்கள் வீட்டு வெந்நீர்க் குழாய் ஒழுகாமல் இருக்கிறதென்றால், எங்கேயோ என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம்.

விஷயம் எளிது. ஒரு ரப்பர் பட்டையை ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இழுத்து, இரண்டு முனையிலும் கவ்வி போட்டு நிறுத்திவிட வேண்டும். அதன்பின் நீளம் மாறாது. ஆனால் பட்டை நம்மைத் திருப்பி இழுக்கிற விசை முதல் ஒரு மணி நேரத்தில் மடமடவென்று குறையும், அப்புறம் மெதுவாக, அப்புறம் இன்னும் மெதுவாக. உள்ளே நூல் நூலாகக் கிடக்கும் மூலக்கூறுகள் இழுபட்ட இடத்திலேயே நெளிந்து நெளிந்து வசதியாக உட்காரப் பார்க்கின்றன. இதற்குத் தளர்வு என்று பெயர். சூடு ஏற்றினால் இதே கூத்து சீக்கிரம் நடக்கும். அதனால் இருபது வருஷத்தில் நடக்கப்போவதைச் சூட்டுப்பெட்டிக்குள் மூன்று மாதத்தில் பார்த்துவிடலாம்.

இதில் என் பொறுப்பு பிடி. பட்டை கவ்விக்குள் இம்மியளவு வழுக்கினாலும் விசை குறைந்ததாகத்தான் மீட்டர் காட்டும். ஒரு பாவமும் அறியாத ரப்பர் மேல் பழி விழும். இருபத்தோரு வருஷத்தில் என் பிடி வழுக்கியதில்லை. லேபில் எனக்கு உடும்பு என்று பேர். கேலியாக ஆரம்பித்தது, பிறகு வேறு லேப்காரர்களே போன் செய்து "உடும்பு மேடம் மாட்டினதா?" என்று கேட்கும் அளவுக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பேரை வைத்தவள் என் அண்ணி. அப்போது அவள் அண்ணியாகியிருக்கவில்லை. லேபில் கோட்பாடு எழுதுகிற பிரிவுக்குப் புதிதாக வந்தவள், என் தோழி. அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனதே நான்தான். பார்வையில் ஒரு கோளாறும் இல்லாதவள் ஒரே மாதத்தில் மூன்று தடவை கண் பரிசோதனைக்குப் போனாள். நான்காவது தடவை நானே அண்ணனிடம் கேட்டுவிட்டேன், "கல்யாணத் தேதியைச் சொல்றியா, இல்ல அவளுக்குக் கண்ணாடியை மாட்டித் தொலைக்கிறியா?"

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு வீடு என்றால் அண்ணன் வீடுதான். ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் நானும் அண்ணியும் தளர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவான்.

எட்டு வருஷமாக அண்ணி ஒரு கோட்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெப்ப இயக்கவியல்தான் அதற்கு அஸ்திவாரம். இழுத்த நிலையில் நிறுத்தி வைத்த பொருள், தன் ஆற்றலை எவ்வளவு குறைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். விசை அதற்குக் கீழே போகாது. அந்த இடத்தைத் 'தரை' என்பாள். முதல் பத்து நாள் அளவுகளை வைத்தே தரை எங்கே இருக்கிறது என்று அவளுடைய சமன்பாடு சொல்லிவிடும். மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம். அந்தச் சமன்பாட்டுக்கு வேண்டிய எண்களெல்லாம் என் கையால் மாட்டிய பட்டைகளிலிருந்து வந்தவை. "இதுல பாதி உன்னுது" என்பாள். நம்பினேன்.

போன வருஷம் ஒரு கம்பெனி, உயரமான கட்டடங்களின் வெந்நீர்க் குழாய் மூட்டுகளுக்கு ரப்பர் வளையம் செய்து அனுப்பியது. இறுக்கம் குறைந்து ஒழுகாமல் எத்தனை வருஷம் தாங்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். இருபத்தைந்து என்றது அண்ணியின் கோட்பாடு. சரிபார்க்க ஆறு பட்டைகள் வெட்டி, புதிதாக வந்திருந்த கவ்விகளில் மாட்டி, எண்பது டிகிரிச் சூட்டில் வைத்தேன்.

நாற்பது நாள் வரை ஆறும் சொன்ன பேச்சைக் கேட்டன. அண்ணி வரைந்து வைத்திருந்த தரையில் வந்து அழகாக நின்றன. நாற்பத்து மூன்றாம் நாள் ஒன்று தரைக்குக் கீழே இறங்கியது. அப்புறம் இன்னொன்று. ஐம்பத்தைந்தாம் நாள் ஆறுமே இறங்கிக்கொண்டிருந்தன, அவசரமே இல்லாமல், நிற்காமல். கிராஃபைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி ஆறு வளைவுகளையும் பென்சில் முனையால் தொடர்ந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றாள்.

அறுபதாம் நாள் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் சூட்டுப்பெட்டி அணைந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என் பட்டையெல்லாம் எங்கே?" என்று கத்தியேவிட்டேன்.

"நான்தான் கழட்டினேன். உட்காரு, சொல்றேன்" என்றாள் அண்ணி. கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கோடு நகர்ந்திருக்கு. ஆறுலயும். ரெண்டு மில்லி."

அந்தக் கோடு என் சொந்தப் பழக்கம். பட்டையை இழுத்து நிறுத்தியதும், கவ்வியின் பல் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பை ஒட்டி வெள்ளை மையால் மெல்லிய கோடு போடுவேன். கழற்றிப் பார்த்தால் ரப்பரில் பல் தடம் பதிந்திருக்கும். கடைசிப் பல்லை ஒட்டியே கோடு நின்றால் பிடி வழுக்கவில்லை. நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் வழுக்கியிருக்கிறது. அவ்வளவுதான், இதில் பேச்சுக்கே இடமில்லை.

"புதுக் கவ்வி இல்லையா? சூட்டுல திருகு கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்திருக்கும். யாருக்கும் நடக்கும்" என்றாள்.

கண்ணால் பார்க்காத அளவை நான் நோட்டில் எழுதியதே கிடையாது. டைரக்டரே சொன்னாலும் "ஒரு நிமிஷம் சார்" என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. காய்ச்சல் விட்ட உடம்பு ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, சொன்னது அண்ணி. பட்டைகளை எடுத்துக் காட்டு என்று அவளிடம் கேட்பது, அவள் முகத்துக்கு நேரே நீ பொய் சொல்கிறாய் என்பதுபோல் பட்டது.

'பிடி வழுக்கியது, பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பதாம் நாளுக்குப் பிறகான அளவுகளைக் கழித்துவிட்டு அறிக்கை போனது. இருபத்தைந்து வருஷம். டைரக்டர் என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டுச் சொன்னார், "கொஞ்ச நாள் ஸ்டோர்ஸைப் பாத்துக்குங்க." சோதனை அறைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்டோர்ஸ் என்பது தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. துடைக்கும் துணி, கையுறை, அட்டைப்பெட்டி. அங்கே உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் ஊறுகாய் பாட்டிலை மூடிவிட்டு மறுபடி திறந்து மறுபடி மூடிப் பார்த்தேன். குழாயை மூடிய பிறகு பத்து நிமிஷம் நின்று சொட்டுகிறதா என்று பார்த்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தேன். இருபத்தோரு வருஷத்து வேலையில் இன்னும் எதெது வழுக்கியிருக்கும், நான் எதையெதைச் சரி என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன் என்று பழைய நோட்டுகளை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணி என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்து, "அதையே நினைச்சிட்டிருக்காதே" என்பாள். நாம் இவ்வளவு கெடுத்த பிறகும் நம் மேல் பிரியமாக இருக்கிறாளே என்று கண் கலங்குவேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சோதனை முடிந்த துண்டுகளை உறையில் போட்டு, மேலே எண் எழுதி ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது லேபின் விதி. வருஷம் முடிந்ததும் உறைகள் அழிப்பதற்காக ஸ்டோர்ஸுக்கு வரும். என்னை அங்கே உட்கார வைத்தவர்கள் யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெட்டி நிறைய உறைகள் வந்தன. எண்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவளின் கையில் என் ஆறு பட்டைகளின் உறை வந்து நின்றது.

திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். பல் தடத்தை ஒட்டியே கோடு. ஒரு முடி நுழைய இடமில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஆறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறும் என் கை சொன்னபடிதான் இருந்தன.

உறைக்குள் ஒரு சீட்டும் இருந்தது. அண்ணியின் சாய்ந்த எழுத்து. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக எண் போட்டு, எதிரே: நகரவில்லை, நகரவில்லை, நகரவில்லை. கீழே தேதி. நான் கையெழுத்துப் போட்டதற்கு முந்தின நாள். எதை அளந்தாலும் உடனே சீட்டு எழுதி உறையில் போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

மாடிக்குப் போனேன். அவள் அறையில் யாரும் இல்லை. சீட்டைக் காட்டினேன், கையில் கொடுக்கவில்லை.

அவள் மழுப்பவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உன் பிடி வழுக்கல. ரப்பர்தான். சூட்டுலயும் காத்துலயும் உள்ள இருக்கிற நூலே அறுந்து போகுது. நூல் அறாதுன்னு வெச்சுத்தான் நான் எல்லாத்தையும் எழுதினேன். அறுந்தா தரையும் சேர்ந்து கீழ போகும். எட்டு வருஷம்… அப்ப எனக்கு மூளையே வேலை செய்யல."

"இப்ப செய்யுதா?"

"ஆறு மாசம் குடு. அறுந்து போறதையும் கணக்குல சேர்த்து நானே திருத்தி எழுதிடறேன். உன்னை மேல கொண்டு வந்துடறேன். சத்தியமா."

"அந்த வளையம் இருபத்தஞ்சு வருஷம் தாங்குமா?"

மென்று விழுங்கினாள். "ஏழு, எட்டு" என்றாள்.

சூட்டுப்பெட்டியைப் பற்றியோ வளையத்தைப் பற்றியோ அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "நான் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து பாத்தேன்டி" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அவள் முன்னால் அழ வேண்டியதாகிவிட்டதே என்று இன்னும் ஆத்திரம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றான். சவரம் செய்திருக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முடிவு செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். விடிய விடிய யோசித்த முடிவு.

"பட்டையை இன்னைக்கு டைரக்டர்கிட்ட குடுத்துடுவேன். வளையம் மாட்டற விஷயம், அதை விட முடியாது. ஆனா சீட்டைக் குடுக்கல. ரெண்டு பேரும் சரியா பாக்காம விட்டுட்டோம்னு சொல்லிக்கறேன். உன் பொண்டாட்டி வேலை போகாது."

அண்ணனுக்கு உடம்பே தளர்ந்து நாற்காலியில் சரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வாய் டீ குடித்தான். சிரித்தான்.

"எனக்குத் தெரியும், நீ விட்டுக் குடுத்துடுவேன்னு. பட்டையைக் கழட்டின அன்னைக்கே அவகிட்ட சொன்னேன். உன்கிட்ட வந்து சொல்லவே பயந்து நடுங்கினா, பாவம். ராத்திரி முழுக்க அழுதா. நான்தான் தைரியம் குடுத்தேன். 'கோடு நகர்ந்திருக்குன்னு மட்டும் நீ சொல்லு. நாம சொன்னா அவ திரும்பிப் பாக்க மாட்டா'ன்னேன். அதே மாதிரி…"

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான், வீட்டுக்காரியின் சாமர்த்தியத்தைச் சொல்கிறவன் மாதிரி. பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"நீயா சொன்னே?" என்றேன்.

"குடும்பம்னா அப்படித்தானே… நீ தாங்கிப்பேன்னு…"

"டீயைக் குடிச்சிட்டுப் போ" என்றேன். அவன் குடிக்காமலே எழுந்து போனான். படியில் இரண்டு தடவை நின்றான். கூப்பிடுவேன் என்று நினைத்திருப்பான்.

அலுவலகம் திறந்ததும் டைரக்டரின் மேஜையில் ஆறு பட்டைகளையும் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன். அவர் குனிந்து பார்த்து ஒவ்வொன்றாக அளந்தார். அவர் நிமிர்ந்ததும் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"இது உங்க அண்ணி எழுத்தாச்சே" என்றார் தணிந்த குரலில். "அவங்க எதிர்காலமே போயிடும்மா. வீட்டுல ஒரு வார்த்தை பேசிட்டு அப்புறம் குடுங்களேன்."

"வீட்டுல பேசிட்டுத்தான் சார் வர்றேன்" என்றேன்.