பென்ரித்தில் பெண் கேட்டது

அன்று பென்ரித்தில், கிரஹாம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் கிரஹாம், அவர் மனைவி லின், அவர்களின் ஒரே மகள் எமிலி. இந்தப் பக்கத்தில் தேவராஜா, அவர் மனைவி ரஞ்சினி, மகன் அருந்தவன், ரஞ்சினியின் தம்பி விக்னராஜா. கிரஹாமின் நாயும் கதவடியில் கிடந்தது. அது சபையில் சேர்த்தியில்லை.

வந்த காரியம் பெண் கேட்பது. அருந்தவனும் எமிலியும் வெஸ்ட்மீட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள். தங்களுக்குள் எல்லாம் பேசி முடித்து, மண்டபத்துக்கும் சொல்லி வைத்துவிட்டார்கள். ஆனால் மண்டபத்துக்குச் சொல்வது வேறு, பெண்ணைப் பெற்றவரிடம் கேட்பது வேறு. தேவராஜாவின் குடும்பத்தில், தகப்பன் போய்த் தன் வாயால் கேட்காமல் ஒரு மருமகளும் படியேறியதில்லை. கடல் கடந்து வந்ததால் அது மாறிவிடுமா?

சிக்கல் ஒன்றுதான். கேட்க வேண்டியது ஆங்கிலத்தில்.

கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவரைக்கும் தேவராஜாவுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதில்லை. நாட்டை விட்டுப் பிளாக்டவுனுக்குக் குடிவந்த பிறகு, புதிதாக வந்தவர்களுக்கான இலவச வகுப்பில் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒரு சூடான் நாட்டுப் பெண் மேல்வகுப்புக்குப் போய், அதற்கும் மேலே போய், இப்போது வேலைக்கும் போகிறாள். தேவராஜா அதே கதிரையில் இருந்தார். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவார். வாயைத் திறந்தால் மட்டும் எதிரில் நிற்பவர் விளங்காமல் கழுத்தை நீட்டி, "சொறி?" என்பார்.

விக்னராஜா இதைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. "அத்தான், உங்களை அந்த வகுப்பின்ர மேசை கதிரையோட சேத்துச் சாமான் கணக்கில எழுதிப்போட்டாங்களோ?" என்று ஆட்கள் இருக்கும்போதுதான் கேட்பார்.

தேவராஜா காதில் விழாதவர் போல இருந்துவிடுவார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வகுப்பில் படித்ததில் கிழமைக்கு ஒரு வசனத்தை எடுத்து வெளியில் விட்டுப் பார்ப்பார். பாண் வாங்கும் கடையில், மருந்துக்கடையில், பஸ் சாரதியிடம். "சொறி?" இல்லாமல் பதில் வந்தால் அந்த வசனம் தேறிவிட்டது. தேறாவிட்டால் அடுத்த கிழமை அதே வசனம் வேறொரு கடைக்குப் போகும். மேல்வகுப்புக்கு விடுவதும் விடாததும் ரீச்சரின் பாடு. போன குளிர்காலத்தைவிட இந்தக் குளிர்காலம் இரண்டு வசனம் கூடத் தேறினால் அது தன் பாடு. இப்படித்தான் அவர் ரஞ்சினிக்குக் கணக்குச் சொல்லி வந்தார்.

ஆனால் அண்மைக்காலமாக அந்தக் கணக்கும் ஏறவில்லை. பஸ் சாரதிகள் மாறினார்கள், "சொறி?" மாறவில்லை. பெண் கேட்கப் போகும் நாள் குறித்ததும் ரஞ்சினியிடம் சொல்லிவிட்டார்.

"பொம்பிளை கேக்கிறதை அந்த மனிசனுக்கு விளங்கச் சொல்லேலாட்டி, இனி எனக்கு வகுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

தான் மொழிபெயர்க்கிறேன் என்றான் அருந்தவன். மாப்பிள்ளை தனக்குத் தானே பெண் கேட்ட கதை இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம் என்று, காரில் ஏறமுதலே அவன் வாய்க்குப் பூட்டுப் போடப்பட்டது. காரியம் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை என்று தேவராஜா இருந்தார். அவர் இருந்தபடியால் மற்றவர்களும் வெறும் வயிற்றோடு இருந்தார்கள்.

கிரஹாம் வீட்டில் கோழியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. வாசனை முன்னறை வரைக்கும் வந்தது. எல்லோரும் இருந்து கொஞ்ச நேரத்தில் லின் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, சாப்பிடலாமா என்று கேட்டார்.

"நோ தாங்க்யூ. வீ ஹாவ் ஈட்டன்," என்றார் தேவராஜா.

யோசித்துச் சொன்னதல்ல. ஒரு வீட்டுக்குப் போனால் முதல்முறை கேட்கும்போது சாப்பிட்டுவிட்டோம் என்பதும், இரண்டாம்முறை கையால் மறிப்பதும், மூன்றாம்முறை வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுக்கும்போது, 'சரி, உங்களுக்காக' என்று எழும்புவதும் அவர் பிறந்ததிலிருந்து பழகியது. அல்லாமல், கேட்டவுடன் இலைக்கு ஓடுகிறவன் எந்தக் குடும்பத்தவன்?

லின் பரவாயில்லை என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். தட்டுகள் திரும்ப அலுமாரிக்குள் போகிற சத்தம் கேட்டது. ரஞ்சினி இரண்டாம்முறை கேட்பதற்காகக் குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வரவில்லை. கிரஹாம் தன் தக்காளிச் செடிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அருந்தவன் முகட்டைப் பார்த்தான்.

விக்னராஜா சரிந்து, அத்தானின் காதோடு சொன்னார்: "உங்கட இங்கிலிசு இண்டைக்கெண்டு பாத்து விளங்கிப்போச்சு."

தேவராஜா திடுக்கிட்டார். உண்மைதான். லின் "சொறி?" என்று கேட்கவில்லை. கழுத்தை நீட்டவில்லை. சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்து, கோழியையும் கொண்டு போய்விட்டது. வயிறு கூவியது. ஆனாலும் அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

அவர் எழுந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழம் வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கிரஹாமுக்கு முன்னால் நின்றார். தான் அருந்தவனின் தகப்பன் என்றும், எமிலியைத் தங்களுக்கு நிரம்பப் பிடித்திருக்கிறதென்றும், அவளைத் தங்கள் வீட்டுக்குத் தரும்படி தகப்பனாரிடம் கேட்க வந்திருப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். நடுவில் ஒரு சொல் சிக்கியது. அருந்தவனின் உதடு அசைந்தது. தகப்பன் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. தேவராஜா அவசரப்படவில்லை. முதலிலிருந்து தொடங்கி, கடைசிவரை சொல்லி முடித்தார்.

கிரஹாமும் எழுந்து நின்றார். இந்தக் கலியாண விஷயத்தில் தன்னிடம் ஒருவராவது எதையாவது கேட்டது இதுதான் முதல்தரம் என்றும், கலியாண நாள் குறித்ததுகூடத் தனக்குப் போனில்தான் தெரியும் என்றும் சொன்னார். எமிலி நிலத்தைப் பார்த்தாள். பிறகு கிரஹாம், "யெஸ்," என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

காரியம் முடிந்தது. வயிறு முடியவில்லை. விக்னராஜாவின் வயிறு போட்ட சத்தத்தில் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. இதற்கு என்ன சொல்வது? வகுப்பில் இப்படி ஒரு பாடம் இல்லை. எந்தக் கடையிலும் விட்டுப் பார்த்த வசனமும் இல்லை. தேவராஜா நின்ற இடத்தில் நின்றபடி, ஒவ்வொரு சொல்லாகத் தானே அடுக்கினார்.

"மிஸிஸ் லின். ஆவர் ஃபேமிலி, ஃபர்ஸ்ட் டைம், ஆல்வேஸ் நோ. யூ ஆஸ்க் அகேன். லாஸ்ட் டைம், யெஸ்."

லின் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு விளங்கி, குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே போனார். முகத்தைச் சரிசெய்து திரும்பி வந்து, அப்போதுதான் நினைவு வந்தவர் போல, சாப்பிடலாமா என்று கேட்டார். தேவராஜா கையால் மறித்தார். ரஞ்சினி அவருடைய விலாவில் கிள்ளினார். லின் அகப்பையும் கையுமாக மறுபடி கேட்டார்.

"யெஸ். தாங்க்யூ," என்றார் தேவராஜா.

கோழியில் எலும்புதான் மிஞ்சியது. அந்தத் தவணையும் அவரை மேல்வகுப்புக்கு விடவில்லை. அவர் அடுத்த கிழமையும் போய் அதே கதிரையில் இருந்தார். இப்போது பஸ் சாரதிகளிடம் புத்தகத்தில் இல்லாததையும் கேட்கிறார்.

தேவராஜா சாப்பாடு கேட்டுவிட்டுத்தான் பெண் கேட்டார் என்று பிளாக்டவுன் கடைகளில் ஒரு கதை நடக்கிறது. அது பிழை. முதலில் பெண்ணைக் கேட்டார். சாப்பாடு அதற்குப் பிறகே கேட்கப்பட்டது.