பார்வையாளர் எண் 4417

எங்கள் அலுவலகத்தில் கேள்வி கேட்பது குற்றம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பது மளிகைக்கடைக்காரர் வேலை, கேட்காமலே கண்டுபிடிப்பதுதான் நம் தொழில் என்பார் மேலாளர். எதையும் நூற்றுக்கு இத்தனை என்றே பேசுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். இணையதளத்துக்கு வருகிறவர் எதைப் பார்க்கிறார், எங்கே தயங்கி நிற்கிறார் என்று கவனித்து, அவருக்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் வைப்பது எங்கள் வேலை. ஆயிரம் பேர் வந்தால் மூன்று பேர் கிளிக் செய்வார்கள். அதில் இரண்டு பேர் கை தவறிச் செய்கிறவர்கள்.

அந்த வறட்சியில் வந்து சேர்ந்தார் பார்வையாளர் எண் 4417. முடி வளரும் தைலமா, கிளிக். கால் நரம்பு சுருட்டலுக்கு இறுக்கமான காலுறையா, கிளிக். இருபது கிலோ டம்பெல்ஸா, அதற்கும் கிளிக். சதவீதம் நெகிழ்ந்துபோய், 4417 எப்படி இருப்பார் என்று ஆளுயரத்துக்கு ஒரு படம் வரையச் சொல்லி வாசலில் மாட்டினார். வழுக்கைத் தலை, புடவை, நரம்பு புடைத்த கால், கையில் டம்பெல்ஸ். காலையில் உள்ளே வருகிறவர்கள் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

மூன்றாவது வணக்கத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அது ஆள் இல்லை, என் வீடு. எங்கள் கூடத்தில் ஒரே ஒரு கணினி. தைலம் தேடியது நான். காலுறை தேடியது, நாள் முழுக்க நின்றபடி ரத்தம் எடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி. டம்பெல்ஸ் அவள் தம்பி, அதாவது என் மச்சான். பார்ப்பதோடு சரி, தூக்கமாட்டான். மூன்று பேரையும் இயந்திரம் ஒரே ஆளாகப் பிசைந்துவிட்டது. வெளியே சொன்னால் படத்தைக் கழற்றுவார்கள், கூடவே என்னையும். வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் சதவீதம் ஓடி வந்தார்.

"நம்ம 4417 ஒத்த ரூம் வாடகைக்குத் தேடுறாருய்யா! வீட்ட விட்டுக் கிளம்பப் போறாரு, நூத்துக்குத் தொண்ணூறு நிச்சயம். ரூம் விளம்பரமா கொட்டு. நீயே எழுது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மச்சான் வந்து மூன்று வருடம். என் சோபாவில் அவன் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. இப்போதாவது ரோஷம் வந்ததே என்று நினைத்தேன். ஒன்றுதான் இடித்தது. கிளிக்கெல்லாம் காலை ஐந்து மணிக்கு விழுந்தன, மச்சான் ஒன்பதுக்குமுன் கண் திறந்ததில்லை. கவலை வந்தவனுக்குத் தூக்கம் ஏது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனைவியைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஐந்தரைக்கெல்லாம் அவள் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிடுவாள். நான் திரும்பும்போது, என் குறட்டைக்குப் பயந்து, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். தவிர, கேட்பது என் தொழிலுக்கு இழுக்கு.

காற்றோட்டமான அறை என்று எழுதினேன். கிளிக். அடுத்து சூட்கேஸ் விளம்பரம் வைத்தேன். நாலே நாளில் நிஜமாகவே ஒரு சூட்கேஸ் வந்து கூடத்து மூலையில் நின்றது. சக்கரம் கிறீச்சிட்டது. நானே எண்ணெய் விட்டு உருட்டிப் பார்த்து வைத்தேன். ஆனாலும் ஆள் அசையவில்லை. ரோஷத்தைக் கிளறினால்தான் வேலைக்காகும் என்று கடைசியாக ஒரு வரி எழுதினேன்:

'நீங்கள் போனதே அவர்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். வந்துவிடுங்கள்.'

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பதினோரு கிளிக். அறைக்கு முன்பதிவும் ஆகிவிட்டது. சதவீதம் 4417-க்குப் பக்கத்தில் என் படத்தையும் மாட்டினார்.

திங்கட்கிழமை சூட்கேஸைக் காணோம். மச்சான் மட்டும் சோபாவிலேயே இருந்தான். பெட்டி முன்னால் போயிருக்கிறது, ஆள் பின்னால் போவான் என்று பொறுமையாக இருந்தேன். எப்போதும்போல ஃப்ரிட்ஜில் கிழமை எழுதி ஒட்டிய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாகச் சூடுபண்ணிச் சாப்பிட்டேன். வியாழக்கிழமைக்கு டப்பா இல்லை.

"என்ன மச்சான், இன்னிக்கு டப்பாவே காணோம்?"

"அக்கா மூணுதான் வெச்சிட்டுப் போச்சு, மாமா."

"எங்க போச்சு?"

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுச்சே. திங்கக்கிழமை. பெட்டியக்கூட நான்தான் தூக்கி வண்டியில வெச்சேன்."

மூன்று வருடத்தில் அவன் தூக்கிய முதல் எடை.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே, மாமா."

உள்ளறைக் கதவைத் திறந்தேன். மடித்த போர்வை மடித்தபடி இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதன் சக்கரத்துக்கு எண்ணெயும் விட்டுக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். போனை எடுத்தேன்.

"சொல்லுங்க," என்றாள்.

"உனக்கு என்ன வேணும்?" கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஆறு மாசமா ரூம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மனசு வரல. அப்புறம் ஒரு விளம்பரம் வந்துது, போனா தெரியவே மூணு நாளாகும்னு. சேச்சே, நம்ம வீட்டுல அப்படி இருக்காது, அன்னிக்கே தேடிக்கிட்டு வந்துடுவார்னு நெனச்சேன். அதப் பாத்துடலாம்னுதான் வந்தேன்."

"அத எழுதினதே நான்தான்," என்றேன்.



"மூணு நாள்னுதானே எழுதியிருந்தீங்க? மூணு நாளும் நான் பெட்டியப் பிரிக்கவே இல்லீங்க. இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சேன்."