ஒளிபரப்பாகாத இரண்டாம் பாதி

பெண்கள் இறுதிப் போட்டியின் முதல் பாதி முடியப் போகிற நேரத்தில், ஹர்ஷிணி கைப்பேசியை நீட்டியபடி கதிர்வேலிடம் வந்தாள். கபடிப் போட்டியை ஒளிபரப்பும் உரிமையை வாங்கியிருந்த சென்னை நிறுவனத்தின் ஆள் அவள். யாரோ தம் வீட்டு டிவியைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். மைதானம் தெரிந்தது. மூலையில் உள்ளூர்க் கேபிள்காரன் பிரான்சிஸின் சேனல் பெயர்.

"சார், எங்க ரைட்ஸ்ல இருக்கிற மேட்ச் எப்படி லோக்கல் கேபிள்ல ஓடுது?"

"பொண்ணுங்க மேட்ச்தானுங்க. அதை நீங்க எடுக்கலையே."

"நாங்க எடுக்கலைன்னா வேற யார் வேணா எடுக்கலாம்னு இல்ல சார். மொத்த டோர்னமெண்டும் எங்களோடது. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

போட்டிருந்தான், போட்டியை நடத்தும் கபடி கிளப்பின் செயலாளர் என்ற முறையில். படித்துவிட்டுத்தான் போட்டான். மண்ணில் விழுந்து முழங்கை தேயும் பிள்ளைகளுக்கு நிறுவனம் ஆடுகளத்தில் விரிக்கப் புது மேட் தருகிறது, விளக்குக் கம்பங்கள் தருகிறது. பெண்கள் ஆட்டத்துக்குக் கேமரா கிடையாது என்று அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள். அவன் தலையாட்டினான். வெளியே வந்து பிரான்சிஸிடம், "பொண்ணுங்க மேட்ச நீ எடுத்துக்கப்பா, யாரு கேக்கப் போறா, பாத்துக்கலாம்" என்றான். சோமனூரில் எத்தனையோ காரியங்கள் அந்த ஒரு சொல்லில் நடந்திருக்கின்றன.

"அந்தக் கேபிள்காரருக்கு நீங்க அனுமதி குடுத்தீங்களா சார்?"

கதிர்வேல் ஆடுகளத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "இல்லீங்க. அவனா எடுக்கறான் போல."

"அப்ப உடனே நிறுத்தச் சொல்லுங்க. இல்லேன்னா நான் ஆபீஸுக்குச் சொல்லியாகணும். ராத்திரி ஆம்பளைங்க ஃபைனல் லைவ் போகாது. மேட்டும் லைட்டும் லாரியில ஏறிடும். என் கையில எதுவும் இல்ல சார்." அவள் குரலில் அதிகாரம் இல்லை. அவளும் பயந்திருந்தாள்.

மைதானத்தைச் சுற்றியிருந்த நாற்காலிகளில் யார் உட்காருவது என்பது யாரும் சொல்லாமலே முடிவான விஷயம். தெற்குக் காலனி ஆண்கள் வந்தால் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். பெண்கள் வருவதே இல்லை. அவர்கள் மாசாணியம்மாள் வீட்டு டிவி முன்னால் கூடுவார்கள். இந்த வருடம் அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்தது. மாசாணியம்மாளின் மகள் மதிவதனிதான் சோமனூர் அணித்தலைவி.

இதெல்லாம் கதிர்வேலுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேமரா இருந்த மூங்கில் சாரத்தை நோக்கி நடந்தான்.

பிரான்சிஸ் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னப்பா, மூஞ்சி செத்துக் கெடக்குது? நம்ம புள்ளைக செயிக்கப் போகுதுக."

"கேமராவ எறக்கிரு."

"நீதான எடுக்கச் சொன்ன?"

"சொன்னேன்."

"அதை அந்த அம்மணிகிட்டச் சொன்னியா?"

பிரான்சிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவர் விசில் ஊதினார். இரண்டாம் பாதி தொடங்கியது.

"சரி, உடு. பத்து வருசமா ஓசியில காட்டுனவன் திருடனாயிட்டேன்." ஒயரை உருவினான். "நீ இங்கயே நில்லு சாமி. நீ போனதும் மறுபடி சொருகிருவேன்னு அந்தப் புள்ள நெனைக்கும்."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் ஹர்ஷிணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர்வேல் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாரத்தடியில் நின்றான். பிரான்சிஸ் ஒயரைச் சுருட்டினான், கேமராவைத் துணியில் சுற்றினான். எதற்கும் அவசரப்படவில்லை. பின்னால் கூட்டம் கத்தியது, அடங்கியது, மறுபடி கத்தியது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கக் கதிர்வேலால் முடியவில்லை. கடைசியில் மைக்கில் குரல் உடைந்து கேட்டது: "கடைசி ரைடு! மதிவதனி! மூணு பாயிண்ட்! கோப்பை நமக்கு!"

கொஞ்ச நேரத்தில் அவன் கைப்பேசி அடித்தது.

"ஏனுங்க தம்பி, மாசாணி பேசறனுங்க. டிவி நின்னுபோச்சுங்க. ஊடு பூரா ஆளுக உக்காந்திருக்கறோம். புள்ள செயிச்சுதுங்களா?"

"செயிச்சாச்சுங்கக்கா. கடைசி ரைடு மதிதான். மூணு பேரத் தொட்டுட்டு வந்துட்டா."

அந்தப் பக்கம் கூச்சலும் சிரிப்பும் எழுந்தன. "ஸ்பீக்கர்ல போட்டிருக்குதுங்க. எப்படித் தொட்டான்னு சொல்லுங்க தம்பி. எங்களுக்குத்தான் பாதியோட போச்சு."

நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அங்கேதானே இருந்தீங்க என்று கேட்பார்கள். டிவி ஏன் நின்றது என்று அதற்கடுத்துக் கேட்பார்கள்.

"வலப்பக்கமா போனாங்கக்கா. ஒருத்தி காலப் புடிச்சா. மதி உதறிட்டு, கைய நீட்டி இன்னொருத்தியத் தொட்டா. மூணாவது புள்ள மேல வுழுந்துச்சு. அப்படியே இழுத்துக்கிட்டு வந்து கோட்டத் தொட்டுட்டா."

"அவ எப்பவும் எடப்பக்கந்தானுங்களே போவா?" யாரோ ஒருத்தி கேட்டாள்.

"இன்னைக்கு ஏமாத்திப்போட்டாங்க."

மறுபடி சிரிப்பு. மாசாணியம்மாள் அழுவதும் கேட்டது. அவன் திரும்பினான். மதிவதனி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கேமரா இல்லாத சாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு. அவள் கேட்கவில்லை. கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா."

"கண்ணு! வலப்பக்கமாவா போன? காலப் புடிச்சாளுகளா?"

மதிவதனி துண்டால் முகத்தைத் துடைத்தாள். "ஆமாம்மா. அவரு சொன்னாப்லதான்."

கைப்பேசியை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளைகள் கோப்பையோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"தம்பி, லைன்ல இருக்கறீங்களா? பக்கத்து ஊட்டுக்காரவிக இப்பத்தான் வந்தாங்க. இன்னொருக்கா மொதல்ல இருந்து சொல்லுங்க."

முதலில் சொன்னது காலைப் பிடித்ததையா, கையை நீட்டித் தொட்டதையா என்று கதிர்வேல் யோசித்தான்.

"சொல்றேனுங்கக்கா" என்றான்.